மெக்காலேயின் நிமிடம்

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு சுதந்திர தினத்தன்று, கொடியேற்றி மிட்டாய் கொடுப்பதற்கு முன்பு, முந்நூறு பிள்ளைகளுக்கு எதிரே நின்று மைக்கில் ஒரு பொய்யைச் சொன்னேன். பொய் என்று தெரியாமல் சொன்னதுதான். ஆனால் சமூக அறிவியல் டீச்சர் அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது.

உங்களுக்கும் அந்த வாட்ஸப் செய்தி வந்திருக்கும். ஆங்கிலக் கல்வி என்றதும் பாடத்தில் பெயர் வருமே, அந்த மெக்காலே பிரபு 1835 பிப்ரவரி 2 அன்று பிரிட்டிஷ் பார்லிமென்ட்டில் பேசினாராம். இந்தியாவின் குறுக்கும் நெடுக்கும் போய்வந்தேன், ஒரு பிச்சைக்காரனைக் கூடப் பார்க்கவில்லை, ஒரு திருடனைக் கூடப் பார்க்கவில்லை, இவர்களை அடிமைப்படுத்த வேண்டுமானால் பண்பாட்டின் முதுகெலும்பை முறிக்க வேண்டும் என்றாராம். பழுப்பேறிய காகிதம் மாதிரி ஒரு படத்தில் அச்சாகி வாட்ஸப்பில் வந்தது. முந்தின நாள் ராத்திரி பேச்சுக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது சரியாக வந்து சேர்ந்தது. அதில் தேதி இருந்தது. தேதி போட்டிருந்தால் நம்பிவிடுவது வரலாறு படித்தவர்களுக்கு உள்ள வியாதி. நான் உருக்கமாகவே பேசினேன். கைதட்டினார்கள். எச்.எம். சார் கீழே இறங்கியதும், "நல்ல பாயின்ட் டீச்சர்" என்றார்.

அன்று மைதானத்தில் ஆறாம் வகுப்பு வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் இரண்டு வருஷம் கழித்து என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தாள். இந்தியாவில் கல்வி வளர்ச்சி பற்றிய பாடம். 1835, மெக்காலே குறிப்பு, ஆங்கிலக் கல்வி என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல்.

"மிஸ், நீங்க அன்னிக்கு அவரு லண்டன்ல பேசினாருன்னு சொன்னீங்க. இப்ப கல்கத்தாவுல இருந்தாருன்னு சொல்றீங்க. எது நெசம்?"

பதினெட்டு வருஷமாக வாத்தியார் வேலை பார்க்கிறேன். இந்த மாதிரிக் கேள்வி வந்தால் "நாளைக்குச் சொல்றேன், உட்காரு" என்று சொல்லக் கற்றிருக்கிறேன். அதையேதான் சொன்னேன்.

ராத்திரி சாப்பாட்டுக் கடை முடிந்தபிறகு போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிரிட்டிஷ் பார்லிமென்ட்டில் யார் என்ன பேசினார்கள் என்பதற்கு ஹன்சார்ட் என்று ஒரு பதிவேடு உண்டு. 1803-லிருந்து உள்ளதை அப்படியே இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள், காசு கிடையாது. வருஷத்தைத் தட்டினால் மாதம் வரும், மாதத்தைத் தட்டினால் நாள் வரும். தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டேன். தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் எழுந்து, "என்ன ஆச்சு?" என்றார்.

மறுநாள் பிள்ளைகளை ஹைடெக் லேப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் லேப்பில் பத்து கம்ப்யூட்டர். ஏழு ஓடும், அதில் ஒன்றுக்கு மவுஸ் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு பேர் மொய்த்துக்கொண்டார்கள். 1835 என்று எழுதிப்போட்டு, "பிப்ரவரி 2 எங்க இருக்குன்னு தேடுங்க" என்றேன். நெட் ஊர்ந்து ஊர்ந்து வந்தது. அப்புறம் ஒரு மூலையிலிருந்து, "மிஸ், ஜனவரியே இல்ல." இன்னொரு மூலையிலிருந்து, "பிப்ரவரி 19-ல தான் மிஸ் ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி ஒண்ணும் இல்ல. லீவா?"

ஒருவிதத்தில் லீவுதான். 1834 டிசம்பர் கடைசியில் பார்லிமென்ட்டைக் கலைத்துவிட்டார்கள். ஜனவரியில் தேர்தல் நடந்தது. புது பார்லிமென்ட் முதலில் கூடியது 1835 பிப்ரவரி 19 அன்று. மெக்காலே பேசியதாகச் சொல்லும் நாளில் அங்கே பேசுவதற்குச் சபையே கிடையாது. பேச மெக்காலேயும் கிடையாது. அவர் 1834 ஜூனில் மெட்ராஸில் கப்பல் இறங்கி, கவர்னர் ஜெனரல் பென்டிங்கைப் பார்க்க ஆற்காடு, பெங்களூர், மைசூர் வழியாகப் பல்லக்கில் ஊட்டிக்குப் போய், பிறகு கல்கத்தா போனவர். லண்டனுக்குத் திரும்பினது 1838-ல். ஆற்காடு என்றதும் வகுப்பு நிமிர்ந்தது. வந்தவாசிப் பக்கத்துப் பிள்ளைகள், ஆற்காட்டில் யாருக்காவது அத்தையோ சித்தியோ இருப்பார்கள். "நம்ம ஆற்காடா மிஸ்?" நம்ம ஆற்காடுதான். இதில் இன்னொன்று: அவருக்குப் பிரபு பட்டம் கிடைத்ததே 1857-ல். இதைச் சொன்னபோது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. தேதியைப் பார்த்தே மயங்கினவள் பட்டத்தை எங்கே பார்க்கப் போகிறேன்.

அப்புறம் நிஜமானதைத் தேடினோம். ஏனென்றால் அந்தத் தேதி பொய்யில்லை. 1835 பிப்ரவரி 2 அன்று கல்கத்தாவில் மெக்காலே ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார். கல்விக்கென்று 1813 சட்டத்தில் ஒதுக்கின ஒரு லட்சம் ரூபாயை சமஸ்கிருதம், அரபுக்குச் செலவழிப்பதா, ஆங்கிலத்துக்குச் செலவழிப்பதா என்பதுதான் விவகாரம். முழுக் குறிப்பும் இணையத்தில் கிடைக்கிறது. ஆங்கிலம், அதுவும் 190 வருஷத்துக்கு முந்தின ஆங்கிலம். ஒரு பையன் கெட்டிக்காரத்தனமாக மொழிபெயர்ப்பில் போட்டான். இந்த மாதிரிக் குறிப்புக்கு ஆங்கிலத்தில் "மினிட்" என்று பெயர், அதனால் தலைப்பு "மெக்காலேயின் நிமிடம்" என்று வந்தது. கடிகாரம் எங்கே மிஸ் என்று தேடினான். முந்தின பக்கத்தில் "வீடு ஒத்திவைக்கப்பட்டது" என்று வந்திருந்ததாம், அந்த "ஹவுஸ்" பார்லிமென்ட். அந்த வாரம் முழுக்க யாராவது வகுப்புக்குத் தாமதமாக வந்தால் "மெக்காலே நிமிஷம் மிஸ்" என்றார்கள்.

சரி, முக்கியமான நாலைந்து வரியை நானே தமிழில் சொன்னேன். ஒரு நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஒரே ஒரு தட்டு, இந்தியா, அரேபியா இரண்டின் மொத்த இலக்கியத்துக்கும் ஈடாகும் என்ற வரி. அதற்குச் சற்று மேலே, தனக்கு சமஸ்கிருதமும் தெரியாது அரபும் தெரியாது என்று அவரே ஒப்புக்கொள்ளும் வரி.

"படிக்கவே தெரியாம எப்படி மிஸ் மார்க் போட்டாரு?"

கேட்டது முன்வரிசைப் படிப்பாளி அல்ல, முழுப் பரீட்சையில் சமூக அறிவியலில் முப்பத்தாறு வாங்குகிற பையன். இன்னொரு பெண், "நிஜமாச் சொன்னதே இவ்வளவு மோசமா இருக்கே மிஸ், அப்புறம் எதுக்குப் பொய்யா ஒண்ணு?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப்போட்டு, "எதைப் படிச்சா நமக்கு நல்லா இருக்கு?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "பொய்ல நம்மளப் புகழ்றாங்க" என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை பிரேயரில் மைக்கைக் கேட்டு வாங்கி, இரண்டு வருஷத்துக்கு முன் சொன்னது தப்பு என்று சொன்னேன். எச்.எம். சாருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "பசங்க முன்னாடி எதுக்கு டீச்சர்?" என்றார். பசங்கள்தானே கண்டுபிடித்தது என்று சொல்லவில்லை, மனசுக்குள் வைத்துக்கொண்டேன்.

அதுவரை எனக்கு இணையம் என்றால் வீடியோ. பாடப்புத்தகத்தில் க்யூஆர் கோடு வந்த புதிதில் எங்களுக்கெல்லாம் பெரிய உற்சாகம். ஸ்கேன் செய், திரையில் போடு, வகுப்பு அமைதியாகிவிடும். அமைதியாவதைக் கற்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ராஜராஜன் வீடியோ ஓடும், முரசு முழங்கும், கணீர் குரல் பேசும், பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். மறுநாள் கேட்டால் யானை வந்தது நினைவிருக்கும். வீடியோவைக் குறை சொல்லவில்லை. எரிமலை எப்படி வெடிக்கிறது, பருவக்காற்று எப்படித் திரும்புகிறது என்பதற்கு வீடியோவை மிஞ்ச என் சாக்பீஸால் ஆகாது. ஆனால் வரலாற்று வீடியோவிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. அது எல்லாவற்றையும் முடித்துவைத்துவிட்டுத்தான் வருகிறது. பழைய காகிதம் அப்படியில்லை. அரைகுறையாக, புரியாத மொழியில், பிள்ளைகள் பிடித்து இழுப்பதற்கு ஒரு நுனியோடு வருகிறது.

குடவோலையை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரிலிருந்து உத்திரமேரூர் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள்தான். ஒன்பதாம் வகுப்பில் உள்ளாட்சி நடத்தும்போது, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு எடுத்தார்கள், உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக்கொடுத்தோம் என்று ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடுவேன். மெக்காலே விவகாரத்துக்குப் பிறகு அந்தக் கல்வெட்டையே கொண்டுவந்தால் என்ன என்று தோன்றியது. முதலாம் பராந்தகன் காலம், 919-லும் 921-லும் வெட்டிய இரண்டு சாசனங்கள். வாசகம் இணையத்தில் கிடைக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் தகவலாற்றுப்படை என்ற தளத்திலும் கல்வெட்டு, தொல்லியல் சம்பந்தமான பழைய நூல்கள் குவிந்து கிடக்கின்றன. தேடுபொறி சமயத்தில் நம் எழுத்துப்பிழையை மன்னிக்காது, பொறுமை வேண்டும்.

பத்தாம் நூற்றாண்டுத் தமிழ் பிள்ளைகளுக்குப் புரியுமா என்று பயந்தேன். பாதி புரியவில்லை. ஆனால் ஓர் இடம் வந்தது. குடத்திலிருந்து ஓலை எடுக்க, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத ஒரு சின்னப் பையனை விட வேண்டும். அவன் எடுத்துக் கொடுக்கும் ஓலையை மத்தியஸ்தன் "அஞ்சு விரலும் அகல வைத்து" உள்ளங்கையில் வாங்க வேண்டும். பிறகு மத்தியஸ்தன் அதை வாசிக்க வேண்டும், அங்கே இருக்கும் நம்பிமார், அதாவது பூசாரிகள், எல்லாரும் அதையே வாசிக்க வேண்டும்.

"எதுக்குடா அஞ்சு விரலும் விரிக்கணும்?" என்றேன். ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அப்புறம் சீட்டாட்டம் பார்த்துப் பழகின ஒருவன் எழுந்து வந்து, விரலிடுக்கில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, கையை மடக்கி, திறந்து காட்டினான். வேறு சீட்டு இருந்தது. வகுப்பே ஓவென்று கத்தியது. 1100 வருஷத்துக்கு முன்னால் யாரோ இதே வேலையைச் செய்து மாட்டியிருக்கிறான், அதனால்தான் கல்லில் வெட்டியிருக்கிறார்கள் என்று அவர்களே முடிவு கட்டினார்கள். அது அவர்கள் ஊகம். நான் தடுக்கவில்லை.

சத்துணவுக் கூடத்தில் ஒரு குடம் கேட்டு வாங்கினோம். பக்கத்துத் தொடக்கப் பள்ளியிலிருந்து ஒன்றாம் வகுப்புக் குட்டி ஒருத்தியைக் கூட்டிவந்தோம். வகுப்புத் தலைவர் தேர்தலை அப்படி நடத்தப் பார்த்தோம். யார் யார் பெயரைப் போடலாம் என்பதற்குக் கல்வெட்டில் உள்ள தகுதிகளைப் பலகையில் எழுதினேன். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, வேதம் ஓதத் தெரிந்திருக்க வேண்டும், கடந்த மூன்று வருஷத்தில் வாரியத்தில், அதாவது சபையின் குழுவில், இருந்திருக்கக் கூடாது. வயதை மட்டும் தள்ளுபடி செய்தோம். பழைய வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனுக்குத் தடை. அவனுக்கு மட்டுமா? சிற்றம்மை பெரியம்மை பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன், மாமனார், மச்சான், மருமகன் என்று ஒரு கல்யாணப் பத்திரிகை நீளத்துக்குச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் தடை. பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. யாருடைய மச்சான் எந்த காண்ட்ராக்ட் எடுத்தார் என்று பேச்சு போன திசையை நான் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

குடத்தில் போடப் பெயர் தேடினால் ஒரு பெயரும் தேறவில்லை. பெண்கள் பதினேழு பேர் முதலிலேயே கழிந்தார்கள். நிலம் இல்லாதவர்கள் கழிந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் வேதத்தில் கழிந்தார்கள். அது சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர், அதன் சபை அது. அந்த ஊரில் உழுதவர்களும் நெய்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் பெயர் ஏன் குடத்தில் இல்லை என்று கேள்வி வந்தபோது பெல் அடித்துவிட்டது. கேட்டவள் விடவில்லை, வராந்தா வரைக்கும் கூடவே வந்தாள்.

முப்பது குடும்புக்கு, அதாவது ஊரின் முப்பது வார்டுக்கு, முப்பது பேரை எடுத்து ஆண்டு வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் ஏரி வாரியத்துக்கும் பிரித்துவிட்ட அந்த ஏற்பாடு அசாத்தியமானதுதான். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் என் வகுப்பில் முப்பத்தி நாலு பேர், ஒருத்தர் பெயரும் அந்தக் குடத்துக்குள் போகாது. இரண்டையும் சேர்த்து நடத்த எனக்கு இரண்டு பீரியட் பிடித்தது. முன்பெல்லாம் ஐந்து நிமிஷம்.

இந்த நேரக் கணக்குதான் உண்மையான தடை. போர்ஷன் முடிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் தேர்ச்சி சதவீதம் என்ற கத்தி தலைக்கு மேல் தொங்குகிறது. லேப் பாதி நாள் ஆன்லைன் தேர்வுக்குப் போய்விடும். ஆகவே பெரும்பாலும் நான் வீட்டிலேயே பிடிஎஃப் இறக்கி, தேவையான ஒரே ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன். ஒரு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். இணையத்தைப் பயன்படுத்திப் பாடம் நடத்துவது என்பது என் விஷயத்தில் முக்கால்வாசி ஜெராக்ஸ் கடைதான்.

பத்தாம் வகுப்பில் ஒரே ஒரு தடவை துணிந்தேன். அரசியலமைப்பு முகவுரையை மனப்பாடம் செய்யச் சொல்லுவோமே, அதற்குப் பதிலாக அரசியல் நிர்ணய சபை விவாதத்தில் 1949 அக்டோபர் 17-ஐ எடுத்துப் போனேன். சபையில் பேசின எல்லாமே இணையத்தில் இருக்கிறது. அன்று எச்.வி. காமத் எழுந்து, முகவுரை "கடவுளின் பெயரால்" என்று தொடங்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். அசாமிலிருந்து வந்த ரோகிணி குமார் சௌத்ரி, அப்படியானால் தேவியின் பெயரால் என்று போடுங்கள் என்றார். திருவிதாங்கூரின் பட்டம் தாணு பிள்ளை, நம்பிக்கை விஷயத்தில் இது கட்டாயப்படுத்துவது ஆகாதா என்று கேட்டார். ஓட்டுக்கு விட்டார்கள். ஆதரவு 41, எதிர்ப்பு 68.

"கடவுளே ஓட்டுல தோத்துட்டாரா மிஸ்?"

அந்த முகவுரையை அந்த வருஷம் யாரும் மறக்கவில்லை. தப்பில்லாமல் எழுதினார்கள். இதை ஆதாரமாகக் காட்டி ஆய்வுக் கட்டுரை எழுத முடியாது, என் வகுப்பில் நான் பார்த்தது, அவ்வளவுதான்.

எல்லாம் இப்படி நன்றாகவே போகும் என்றில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டை ஒருமுறை கொண்டுபோனேன். ஊர் ஊராக வரிசை போட்டு, எத்தனை பேர், எத்தனை வீடு, பள்ளி உண்டா, பஸ் வருமா என்று எல்லாம் இருக்கும். அவரவர் ஊரைத் தேடுங்கள் என்றேன். குதூகலமாகத் தேடினார்கள். ஒரு பையன் மட்டும் பட்டியலை மேலும் கீழும் இழுத்துக்கொண்டே இருந்தான்.

"எங்க ஊர் இல்ல மிஸ்."

கணக்கெடுப்பில் வருவாய் கிராமம்தான் கணக்கு. அவன் இருப்பது ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் ஒரு காலனி. அது பெரிய ஊரின் எண்ணிக்கைக்குள் கரைந்துபோயிருந்தது. விளக்கிச் சொன்னேன். "அப்ப நாங்க இதுக்குள்ள இருக்கோமா?" என்று அந்த எண்ணின் மேல் விரலை வைத்தான். இருக்கீங்க என்றேன். அவனுக்கு அது போதுமானதாக இல்லை என்று முகத்தில் தெரிந்தது. எனக்கும்தான்.

அடுத்த வாரம் ஒரு கோடு போட்ட நோட்டைக் கொண்டுவந்தான். அவனும் அவன் சித்தப்பா மகனும் வீடு வீடாகப் போய் எழுதியிருந்தார்கள். அறுபத்து மூன்று வீடு. வீட்டுக்காரர் பெயர், எத்தனை பேர், என்ன வேலை, தண்ணீர் எங்கிருந்து. கடைசிப் பக்கத்தில் அவன் ஆயா சொன்ன பழைய கிணறு ஒன்றும், அதில் யார் இறங்கித் தண்ணீர் எடுக்கலாம் யார் கூடாது என்பதும், பென்சிலில். அந்தப் பக்கத்தை மட்டும் வகுப்பில் வாசிக்க வேண்டாம் என்றான். வாசிக்கவில்லை. மற்ற பக்கங்களைப் போட்டோ எடுத்துப் பிரின்ட் போட்டு, அந்தக் கையேட்டுப் பக்கத்துக்குக் கீழேயே சுவரில் ஒட்டினோம்.

"எது நெசம்?" என்று கேட்ட அந்தப் பெண் இப்போது காலேஜில் இரண்டாம் வருஷம், காமர்ஸ். வரலாறு எடுக்கவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். போன மாசம் எங்கள் ஊர் ஆசிரியர் வாட்ஸப் குழு ஒன்றில், தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது, தமிழனின் அறிவியல் பார் என்று ஒரு செய்தி சுற்றியது. பதில் எழுத நினைத்து, நல்ல மனுஷர்களோடு எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன். மூன்று நாள் கழித்து அவளிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. காலேஜில் டூர் கூட்டிப்போயிருக்கிறார்கள். சாயங்காலம் நாலரை மணி வெயில். பிரகாரத்துக் கல்தரையில் விமானத்தின் நிழல் நீளமாகப் படுத்திருக்கிறது. நிழலின் உச்சியில், செருப்பில்லாமல், அவள் நின்றுகொண்டிருக்கிறாள்.